மரம் எரியும்... கணக்கில் பூஜ்யம்!

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், செல்பி நகரத்துக்குப் பக்கத்தில் டிராக்ஸ் என்று ஒரு கிராமம். ஒரு சர்ச், சில தெருக்கள், சுற்றிலும் வயல்வெளி. அந்த வயல்களுக்கு நடுவே பன்னிரண்டு குளிர்விப்புக் கோபுரங்களும், 259 மீட்டர் உயரப் புகைபோக்கியுமாக நிற்கிறது ஒரு மின் நிலையம். கிராமத்தின் பெயர்தான் அதற்கும். 1974-ல் ஓடத் தொடங்கி 1986-ல் முழு அளவை எட்டியது. ஒரு காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நிலக்கரி மின் நிலையம் என்று பேர் வாங்கியது. காலடியிலேயே செல்பி நிலக்கரி இருந்ததால்தான் அதை அந்த வட்டாரத்தில் கட்டினார்கள்.

இன்று அங்கே சுரங்கங்கள் இல்லை. பக்கத்திலிருந்த கெல்லிங்லி சுரங்கம்தான் பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கம். அதுவும் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. டிராக்ஸும் நிலக்கரியை விட்டுவிட்டது. ஆனால், கொதிகலன் அணையவில்லை. சரக்கு ரயில்கள் நாள் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் வருவது, மரம்!

அதுவும் உள்ளூர் மரமல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களிலும் கனடாவிலும் வளர்ந்த மரம். அதை வெட்டி, அரைத்து, காயவைத்து, அழுத்திக் குச்சிகளாக்கி, கப்பலேற்றி, அட்லான்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். ஆண்டுக்கு அறுபது, எழுபது லட்சம் டன். பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 5 சதவிகிதம் இப்படித்தான் வருகிறது.

இதில் ஆச்சர்யம் என்ன தெரியுமா? இந்தப் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயு ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல். பிரிட்டனில் தனியொரு இடத்திலிருந்து இவ்வளவு வெளியேறுவது வேறெங்கும் இல்லை. ஆனால், அரசாங்கத்தின் கார்பன் கணக்குப் புத்தகத்தில் அந்த இடத்தில் எழுதியிருப்பது பூஜ்யம். சூரிய மின்சாரம், காற்றாலை வரிசையில் இதுவும் 'பசுமை மின்சாரம்'. அதற்காக மக்களின் மின் கட்டணத்திலிருந்து மானியமும் போகிறது.

விறகு எரித்தால் புகை வரும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்கே தெரியும். அதைப் பூஜ்யம் என்று எழுதவைத்த மூளை எது?

மாட்டுத் தீவனம் போல ஓர் எரிபொருள்

முதலில் அந்தக் குச்சியைப் பார்த்துவிடுவோம். பெல்லட் என்று பெயர். மாட்டுத் தீவனக் கடையில் மூட்டையில் இருக்குமே, விரல் நுனி அளவில் உருண்டை உருண்டையாகத் தீவனம், கிட்டத்தட்ட அதே தோற்றம். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை உலர்த்தி, ஈரத்தை 10 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவந்து, தூளாக்கி, துளையுள்ள இரும்பு அச்சில் வைத்து நசுக்குவார்கள். அந்தச் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேறு பசை வேண்டாம். ஒரு டன் பெல்லட் செய்ய சுமார் இரண்டு டன் பச்சை மரம் வேண்டும்.

கொஞ்சம் மழை பட்டாலும் பெல்லட் ஊறி உதிர்ந்துவிடும். நிலக்கரியைப்போல வெட்டவெளியில் மலையாகக் கொட்டிவைக்க முடியாது. அதனால் டிராக்ஸில் நான்கு ராட்சத வெள்ளைக் கும்மட்டங்களைக் கட்டி அதற்குள் சேமிக்கிறார்கள். சேமிப்பில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ரயில் பெட்டிகளைக்கூட இதற்கென்று மூடியோடு புதிதாகச் செய்தார்கள். விறகுதானே என்று லேசாக நினைத்துவிட முடியாத சரக்கு இது.

இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்றால், ஒரு சட்டம். 2009-ல் ஐரோப்பிய யூனியன் 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி உத்தரவு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2020-க்குள் மொத்த எரிசக்தியில் 20 சதவிகிதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி இலக்கு. அப்போது யூனியனில் இருந்த பிரிட்டனுக்கு 15 சதவிகிதம். காற்றாலைக்கும் சூரியத் தகடுக்கும் அன்று விலை அதிகம். காற்று இல்லாத நாளில் என்ன செய்வது என்ற கேள்வி வேறு. அந்த நேரத்தில், இருக்கிற கொதிகலனை வைத்துக்கொண்டே எரிபொருளை மட்டும் மாற்றலாம் என்று ஒரு வழி கிடைத்தால் எந்த அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லும்? டிராக்ஸ் 2013-லிருந்து 2018-க்குள் தன் ஆறு யூனிட்களில் நான்கை மரத்துக்கு மாற்றியது.

மொய் நோட்டு மர்மம்

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருவோம்.

எந்த நாடு எவ்வளவு வாயுவை வெளியேற்றுகிறது என்று உலகம் கணக்கெழுத ஆரம்பித்தது 1990-களில். ஒரு மரத்தை வெட்டும்போதே, அதிலுள்ள கார்பன் காட்டிலிருந்து போய்விட்டது என்று 'நிலம், காடு' என்ற பக்கத்தில் கழித்து எழுதிவிடுவார்கள். அதே மரத்தை எரிக்கும்போது 'எரிசக்தி' பக்கத்திலும் எழுதினால் ஒரே கார்பன் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். அதனால் எரிக்கும் இடத்தில் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளலாம் என ஐ.நா-வின் காலநிலை நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி வழிகாட்டியது. கணக்குப்பிள்ளை பார்வையில் இது சரியான யோசனைதான்.

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். இரு வீட்டுக்கும் பொதுவான உறவினர் ஒருவர் மொய் எழுத வருகிறார். "மாப்பிள்ளை வீட்டு நோட்டில் எழுதியாச்சு" என்றால், பெண் வீட்டு நோட்டில் எழுத மாட்டார்கள். மொய் எங்கும் போய்விடவில்லை. ஒரு நோட்டில் இருக்கிறது. அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? எரிப்பது பிரிட்டன். வெட்டுவது அமெரிக்கா. அந்த இன்னொரு நோட்டு அமெரிக்காவின் கையில். அமெரிக்காவோ கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, அதைக் கடைசிவரை நாடாளுமன்றத்தில் உறுதி செய்யவே இல்லை. நோட்டில் ஒரு வரி எழுதுகிறார்கள்தான். ஆனால், பாக்கி விழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. அத்தனை பெரிய நாட்டின் காடுகளை மொத்தமாகக் கூட்டிக் கழிக்கும்போது, எங்கோ ஒரு கவுன்டியில் வெட்டிய மரம் அந்தக் கூட்டலில் கரைந்தே போய்விடும்.

ஐரோப்பா இன்னும் ஓர் அடி முன்னே போனது. 2005-ல் தொடங்கிய அதன் கார்பன் சந்தையில், நிலக்கரி எரித்தால் ஒவ்வொரு டன்னுக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மரம் எரித்தால் சீட்டே வேண்டாம். 'இரண்டு முறை எழுதாதீர்கள்' என்று சொன்ன ஒரு கணக்கு விதி, 'மரத்துக்குக் கார்பனே கிடையாது' என்ற வியாபாரச் சலுகையாக மாறியது இப்படித்தான்.

இதை யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்த உத்தரவு வந்த அதே 2009-ல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி சேர்ச்சிங்கரும் சக விஞ்ஞானிகளும் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதி, இது அடிப்படைக் கணக்குப் பிழை என்று எச்சரித்தார்கள். 2018-ல் ஏறக்குறைய 800 விஞ்ஞானிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2021-ல் இன்னொரு 500 பேர். கோப்புகள் கனத்தன. ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பேரன் கட்டும் தவணை

மரத்தை ஆதரிப்பவர்களின் வாதமும் எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அல்ல. நிலக்கரி பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த கார்பன். தோண்டி எரித்தால் காற்றில் புதிதாகச் சேரும். மரம் அப்படியல்ல. எரித்த மரத்துக்குப் பதில் இன்னொரு மரம் வளரும். வெளியே போன கார்பனை அது திரும்ப உறிஞ்சும். சுற்றிச் சுற்றி வரும் கணக்கு.

உண்மைதான். ஆனால், 'எப்போது?' என்று கேளுங்கள். விறகு எரிய ஒரு நொடி. மரம் வளரப் பல பத்தாண்டுகள். போதாக்குறைக்கு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியைவிட மரம் சற்றுக் கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. இரண்டும் நெருப்புதான், ஆனால், மரத்தில் சூடு கம்மி. ஆக, எரிக்கும் அன்று நிலைமை நிலக்கரியைவிட மோசம். அதன் பிறகு மரம் வளர வளரக் கடன் மெதுவாக அடையும்.

அந்தக் கடன் அடைய எத்தனை வருடம் ஆகும் என்று எம்.ஐ.டி-யின் ஜான் ஸ்டெர்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2018-ல் கணக்கிட்டார்கள். கிழக்கு அமெரிக்கக் காடுகளை அடியோடு வெட்டி, நிலக்கரிக்குப் பதிலாக எரித்தால், காட்டின் வகையைப் பொறுத்து 44 முதல் 104 ஆண்டுகள். அதுவும், வெட்டிய இடத்தில் வேறெதுவும் கட்டாமல், மீண்டும் காடாகவே வளரவிட்டால். 2050-க்குள் உலகம் உமிழ்வை நிறுத்தியாக வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, இது தாத்தா வாங்கிய நகைக் கடனைப் பேரன் தலையில் கட்டுவது மாதிரிதான். வட்டி மட்டும் இன்றே ஓடுகிறது, சூடேறும் பூமியாக.

ஆனால், எல்லா மரத்துக்கும் இதே கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மர அறுவை ஆலையில் மிஞ்சும் தூள் எப்படியும் சில வருடங்களில் மக்கி அதே வாயுவைத்தான் விடும். அதை எரிப்பதில் பெரிய கடன் எதுவும் இல்லை. உயரமாக நிற்கும் முழு மரத்தைப் பெல்லட்டுக்காகவே சாய்த்தால்தான் நூறு வருடக் கதை. ஆக, சண்டை முழுக்க ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. மூட்டைக்குள் இருப்பது தூளா, மரமா? பெல்லட் ஆன பிறகு இரண்டும் பார்க்க ஒன்றுதான்!

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காகிதங்களில்தான் டிராக்ஸ் சறுக்கியது. 2022 அக்டோபரில் பி.பி.சி-யின் 'பனோரமா' நிகழ்ச்சி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனிதர் கைபடாத இயற்கைக் காட்டு மரங்களும் டிராக்ஸின் ஆலைக்குப் போகின்றன என்று காட்டியது. நிறுவனம் மறுத்தது. மறு வருடம் மின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரணையைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த மரம் எந்த வகை என்ற விவரங்களை நிறுவனம் சரியாகத் தரவில்லை என்று 2024 ஆகஸ்ட்டில் முடிவு சொன்னது. டிராக்ஸ் 2.5 கோடி பவுண்டு கட்டியது. வேண்டுமென்றே தவறாகச் சொன்னதற்கோ, தகுதியில்லாத மரத்துக்கு மானியம் வாங்கியதற்கோ ஆதாரம் இல்லை என்பதையும் ஆஃப்ஜெம் சேர்த்தே சொன்னது.

அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது இன்னும் முக்கியம். அதுவரை உயிர்ம எரிசக்திக்கு அரசு தந்த ஆதரவு சுமார் 2,200 கோடி பவுண்டு. விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றன என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் அரசே இல்லை! சான்றிதழ் தருவது தனியார் அமைப்புகள், தணிக்கை செய்வதும் நிறுவனம் நியமிக்கும் தணிக்கையாளர்கள். மின் கட்டணம் கட்டும் குடும்பங்களுக்கு இதைவிட எரிச்சலூட்டும் செய்தி இருக்க முடியுமா?

கிளாஸ்டர் ஊரின் காற்று

கடலுக்கு இந்தப் பக்கம் கணக்கு. அந்தப் பக்கம் மனிதர்கள்.

மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கிளாஸ்டர் என்று ஒரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள், வசதி குறைந்தவர்கள். அங்கேதான் டிராக்ஸின் அமைட் பெல்லட் ஆலை இருக்கிறது. மரத்தைச் சூடாக்கி உலர்த்தும்போது, அதிலுள்ள எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வெளியேறும். ஊசியிலை மரத்தை வெட்டும்போது ஒரு வாசனை வருமே, அந்தக் குடும்பத்து வாயுக்கள். கொஞ்சமாக இருந்தால் மணம், டன் கணக்கில் வந்தால் மாசு. அத்தோடு மரத்தூள் வேறு.

அனுமதித்த அளவைத் தாண்டி இந்த ஆலை வாயுக்களை வெளியேற்றியதற்காக மிசிசிப்பி சுற்றுச்சூழல் துறை 25 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2021 தொடக்கத்தில் அது செய்தியானது. மூச்சுத்திணறல், ஓயாத லாரி இரைச்சல், வாசலில் படியும் தூசி என்று ஊர்க்காரர்கள் பல வருடங்களாகப் புகார் சொல்லிவருகிறார்கள். உடல்நலக் கோளாறுகளுக்குத் தன் ஆலை காரணமல்ல என்பது நிறுவனத்தின் பதில். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தியிருப்பதாகவும் சொல்கிறது.

யார்க்‌ஷயரில் ஒரு வீட்டில் சுவிட்சைப் போடுகிறவருக்கு இந்த ஊரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பிரிட்டனின் பசுமைச் சான்றிதழ் கேட்கும் கேள்விகளில் மரத்தின் வயது உண்டு, கப்பல் எரித்த டீசல் உண்டு. ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரல் அந்தக் கணக்கில் வராது.

இதே தென் மாநிலங்களில் இன்னொரு குரலும் உண்டு. அங்குள்ள காடுகளில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களின் சொத்து. நம் பக்கம் தென்னந்தோப்பு மாதிரி, அவர்களுக்குப் பைன் தோப்பு. பெரிய மரம் அறுவை ஆலைக்கு, சின்ன மரமும் கலைத்தெடுத்ததும் காகித ஆலைக்கு என்று ஓடியது அவர்கள் பிழைப்பு. காகித ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. வட கரோலினாவின் கேன்டன் ஊரில் நூறாண்டுக்கு மேல் ஓடிய ஆலை 2023-ல் நின்றது. சின்ன மரத்தை வாங்க ஆளில்லை என்றால், தோப்பை அழித்து வீட்டு மனையாக்கிவிடுவோம் என்கிறார்கள் நில உரிமையாளர்கள். இதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை வைத்து நூறு வருடக் கார்பன் கடனை மறைக்க முடியாது, அது வேறு.

2022: விறகுக்குப் பஞ்சம்!

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஐரோப்பாவின் எரிவாயு விலை எகிறியது நினைவிருக்கும். அதே வேகத்தில் விறகு விலையும் ஏறியது. அதுவரை ஐரோப்பாவுக்கு ரஷ்யாவும் பெலாரஸும் கணிசமாகப் பெல்லட் அனுப்பிவந்தன. 2022 கோடையில் அந்த வரத்து தடைபட்டது. குளிருக்குப் பயந்து ஆளாளுக்கு வாங்கிக் குவிக்க, ஜெர்மனியில் பெல்லட் விலை ஒரே வருடத்தில் சுமார் மூன்று மடங்கானது. இத்தாலியில் லட்சக்கணக்கான வீடுகளில் பெல்லட் அடுப்புதான் குளிருக்குத் துணை. பதினைந்து கிலோ மூட்டையை நம் வீட்டு அரிசிப்பைபோல வாங்கிவைக்கும் குடும்பங்கள் அவை. பசுமை எரிபொருள், மலிவு எரிபொருள் என்று சொல்லி அடுப்பு வாங்கவைத்தவர்கள் அந்தக் குளிர்காலத்தில் பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள்.

விலை ஏறினால் விற்பவருக்குக் கொண்டாட்டம்தானே? அங்கேதான் வேடிக்கை. உலகிலேயே அதிகம் பெல்லட் தயாரித்த அமெரிக்க நிறுவனம் என்விவா. ஐரோப்பா, ஜப்பான் மின் நிலையங்களோடு பல வருட ஒப்பந்தங்கள், நியூயார்க் பங்குச் சந்தையில் பெயர், எல்லாம் இருந்தது. நீண்டகால ஒப்பந்தத்தில் விலை முன்பே முடிவானது. உற்பத்திச் செலவு ஏறிக்கொண்டே போனது. விலை உச்சத்தில் இருந்தபோது, இது இன்னும் ஏறும் என்று நம்பிப் பெல்லட்டை வாங்கி விற்கும் பேரத்திலும் இறங்கியது. விலை இறங்கியது. 2023 நவம்பரில், தொழிலைத் தொடர்ந்து நடத்த முடியுமா என்பதே சந்தேகம் என்று நிறுவனமே அறிவிக்க, பங்கு தரையைத் தொட்டது. 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போய், கடன்காரர்களோடு பேசி முடித்து, அந்த ஆண்டின் இறுதியில் சிறுத்துப்போய் வெளியே வந்தது.

இந்தச் சந்தையின் இயல்பே இதுதான். பெல்லட்டுக்கு விலை கொடுப்பது மானியம். மானியத்தைக் கொடுப்பது கொள்கை. கொள்கை தும்மினால் வட கரோலினாவில் ஓர் ஆலைக்குக் காய்ச்சல் வரும்.

வெக்‌ஷோ சொல்லும் வேறு கதை

இவ்வளவு படித்ததும் 'மரம் எரிப்பதே மோசடி' என்று தோன்றலாம். ஸ்வீடனின் வெக்‌ஷோ நகரத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980-லேயே தன் அனல் நிலையத்தில் எண்ணெய்க்குப் பதிலாக மரக்கழிவை எரிக்கத் தொடங்கியது. 1996-ல், நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத ஊராக மாறுவோம் என்று நகர மன்றத்தில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து தீர்மானம் போட்டன. அங்கே எரிவது சுற்றுவட்டாரக் காடுகளில் மரம் வெட்டியபின் மிஞ்சும் கிளை, நுனி, பட்டை, தூள். அதில் கொஞ்சம் மின்சாரம். மீதமுள்ள சூடு வீணாகாமல், பூமிக்கடியில் பதித்த குழாய்களில் வெந்நீராக வீடு வீடாகப் போகிறது.

டிராக்ஸில் எரியும் மரத்தின் சக்தியில் பத்தில் நான்கு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி கோபுரம் வழியே வானத்துக்கு. வெக்‌ஷோ மாதிரி நிலையங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு பயனாகிறது. ஒன்று, கழிவைப் பக்கத்திலிருந்து எடுத்து முழுச்சூட்டையும் பயன்படுத்துவது. மற்றொன்று, கடல் தாண்டிக் கொண்டுவந்து பாதிக்கு மேல் ஆவியாக விடுவது. சட்டத்தின் கண்ணுக்குப் பல வருடங்கள் இரண்டும் ஒரே 'உயிர்ம எரிசக்தி'தான். ஐரோப்பிய யூனியனின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் பாதிக்கு மேல் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. காற்றும் சூரியனும்தான் முன்னணி என்று நினைத்திருந்தால், ஐரோப்பாவின் பசுமைக் கணக்கில் பெரிய பங்கு இன்னும் நெருப்புக்குத்தான்!

ஸ்வீடனும் பின்லாந்தும் இந்தச் சொல்லைக் காப்பாற்ற ஏன் அவ்வளவு மல்லுக்கட்டின என்பது இப்போது புரியும். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நேரடியாகக் காட்டிலிருந்து வரும் மரத்துக்கு வரம்பு போட வேண்டும் என்று வாக்களித்தது. காட்டு நாடுகள் எதிர்த்தன. பல மாதப் பேரத்துக்குப் பிறகு 2023-ல் வந்த திருத்தச் சட்டத்தில் வரம்பு காணாமல் போயிருந்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி 2030-க்குள் 42.5 சதவிகிதம் என்று இலக்கு மட்டும் உயர்ந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பலகை அறுக்கத் தகுதியான மரம், அடிக்கட்டை, வேர் ஆகியவற்றை எரிக்க இனி மானியம் கிடையாது. முதலில் பலகை, மேசை, காகிதம், கடைசியில்தான் அடுப்பு என்ற வரிசையை நாடுகள் மதிக்க வேண்டும். வெறும் மின்சாரத்துக்காகக் காட்டு மரம் எரிக்கும் நிலையங்களுக்குப் புதிய மானியம் இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. நிலக்கரியை நம்பியிருக்கும் பகுதிகளுக்குச் சலுகை, வெளியேறும் வாயுவைப் பிடித்துப் புதைக்கும் நிலையங்களுக்குச் சலுகை.

இரண்டாவது சலுகையைப் பயன்படுத்த ஸ்டாக்ஹோம் நகரம் தயாராகிவிட்டது. அங்குள்ள வெர்தன் நிலையத்தில் மரக்கழிவு எரிந்து வரும் கரியமில வாயுவை ஆண்டுக்கு 8 லட்சம் டன் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் நார்வேக்கு அனுப்பிக் கடலடிப் பாறையில் புதைக்கப்போகிறார்கள். 2025-ல் கட்டுமான முடிவு எடுத்தாயிற்று. மரம் உறிஞ்சியதைத் திரும்ப வெளியே விடாவிட்டால், கணக்கு மைனஸில் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செலவும் அதற்கேற்ற மாதிரி.

இதற்கிடையே இன்னொரு நோட்டு ஐரோப்பாவைப் பயமுறுத்துகிறது. 2030-ல் நிலமும் காடும் சேர்ந்து 31 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டும் என்று யூனியன் இலக்கு வைத்திருக்கிறது. காடுகளோ வருடத்துக்கு வருடம் குறைவாக உறிஞ்சுகின்றன. முக்கால் பங்கு காடாக இருக்கும் பின்லாந்திலேயே நிலத்துறை உறிஞ்சுவதைவிட வெளியேற்றுவது அதிகமாகிவிட்டது. பெல்லட் ஏற்றுமதியில் பேர் போன எஸ்டோனியாவிலும் அதே கதை. கூடுதலாக வெட்டியது ஒரு காரணம், மரங்களின் வளர்ச்சி வேகம் குறைந்தது இன்னொரு காரணம். எல்லாப் பழியையும் அடுப்பு மேல் போட முடியாது. ஆனால், எரிக்கும் இடத்தில் பூஜ்யம் எழுதியவர்களுக்கு, மற்ற நோட்டில் அந்தத் தொகை இப்போதுதான் கண்ணில் படுகிறது.

2027-க்குப் பிறகு

பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேறிவிட்டதால் இந்தத் திருத்தங்கள் டிராக்ஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால், அங்கும் காற்று மாறியிருக்கிறது. இப்போதைய மானிய ஒப்பந்தம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதன் பிறகு 2031 வரை என்ன என்பதை 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. டிராக்ஸ் இனி எப்போதும் ஓட முடியாது. காற்றும் வெயிலும் கைவிடும் நேரத்தில் மட்டும், தன் திறனில் அதிகபட்சம் 27 சதவிகித அளவுக்கு ஓடலாம். மானியம் ஏறக்குறைய பாதியாகும். எரிக்கும் மரத்தில் 70 சதவிகிதம் நிலையான வளத்திலிருந்து வந்தால் போதும் என்றிருந்தது, 100 சதவிகிதமாகிறது. பழமையான இயற்கைக் காட்டு மரத்துக்குக் காசில்லை.

மூடிவிட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு அமைச்சர்கள் சொன்ன பதில், மின் தட்டுப்பாட்டு நேரத்தில் எரிவாயு நிலையங்களைவிட இது மலிவு என்பது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ல் அணைந்துவிட்ட நிலையில், காற்றில்லாத ஜனவரி இரவுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே. அந்தப் பூஜ்யம் மட்டும் கணக்குப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதில் யாரும் கை வைக்கவில்லை.

அப்படியானால் மீதிப் பெல்லட் எங்கே போகும்? ஜப்பான் பல லட்சம் டன் வாங்குகிறது. தென் கொரியா 2024 இறுதியில் மானியத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலேயே மரத்துகளிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கும் திட்டங்களோடு டிராக்ஸ் பேசிவருகிறது. கிளாஸ்டர் மக்கள், இந்த ஆலைக்கு அடுத்த அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்ற கூட்டங்களுக்கு, மாநிலத் தலைநகர் ஜாக்சன் வரை போய் வருகிறார்கள்.